எட்டாம் நாள் பார்க்க வருபவள்

அடுகோடியில் கைக்குழந்தை வைத்திருந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் பாஞ்சாலியைத் தெரியும் என்பாள். அவள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தவர்கள் யார் என்று கேட்டால் ஒருத்தி பெயரும் வராது. பதினாலு வருஷம் எங்கள் லைன் வீடுகளுக்கு அடுத்த லைனில் இருந்தாள். நானும் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை.

கார்ப்பரேஷனில் அம்மை குத்துகிற கிருஷ்ணப்பாவுக்கு அவள் துணையாள். அவர் சைக்கிளில் வருவார், இவள் பின்னால் நடந்து வருவாள். சைக்கிள் கேரியரில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஈரத்துணி சுற்றி, ஐஸ் வைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அம்மைப்பால் இருக்கும். அதில் ஒரு சொட்டைக் குழந்தையின் மேல்கையில் வைத்து, பொத்தான் அளவில் முள் முள்ளாக இருக்கும் ஒரு வட்டத்தை அதன்மேல் அழுத்தித் திருகுவார். பிள்ளை வீறிடும். அந்த நேரத்தில் பிள்ளை பாஞ்சாலியின் மடியில்தான் இருக்கும். ஓர் ஆம்பளையிடம் பிள்ளையைக் கொடுக்கவும் தங்கள் கையை நீட்டவும் கூசுகிற பெண்கள் அவளிடம் கூசவில்லை. எங்களிடம் தமிழ், ரெட்டிமார் வீடுகளில் தெலுங்கு, கன்னடக்காரர் வீடுகளில் கன்னடம், சாயபுமார் வீடுகளில் அவர்கள் பேச்சு, எல்லாம் அவளுக்கு வந்தது.

குத்துவது பாதி வேலைதான். குத்தின இடம் எழும்ப வேண்டும். எட்டாம் நாள் பார்த்தால் அங்கே முத்து மாதிரி ஒரு கொப்புளம் நீர் கோத்து, நடுவில் சின்னக் குழியோடு நிற்க வேண்டும். அப்படி நின்றால் பிள்ளைக்குக் காவல் வந்துவிட்டது. வெறும் கீறலாகக் காய்ந்துபோயிருந்தால் குத்தினது வீண், திரும்பக் குத்த வேண்டும். இந்த எட்டாம் நாள் பார்ப்பதற்குக் கிருஷ்ணப்பா வரமாட்டார். அவருக்கு அதற்குள் வேறு பேட்டையில் வேலை இருக்கும். பாஞ்சாலி தனியாக வருவாள். சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்து, "எழும்பிடுச்சு" என்பாள், இல்லையென்றால் "எழும்பல" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலையில் கிருஷ்ணப்பாவிடம் வீடு வீடாகச் சொல்வாள். எழுத்து தெரியாதவள், நாற்பது ஐம்பது வீட்டை மனதிலேயே வைத்திருந்து ஒன்று விடாமல் சொல்வாள். அவர் அதை ரிஜிஸ்தரில் எழுதிக்கொள்வார். அவள் கண்ணால் பார்த்ததுதான் அவருக்குக் கணக்கு.

இந்த வேலைக்கு அவள் வந்தது ஒரு தனிக் கதை. நாற்பத்தொன்பதாம் வருஷம் அவள் ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கின கரு. அப்போது எங்கள் பக்கம் பெரியம்மை பரவியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வந்தால் கை கழுவிவிடுவார்கள். மற்றவர்களைவிட அவர்களைத்தான் அது மோசமாகப் பிடிக்கும், உள்ளே ரத்தம் உடைந்து தாயும் பிள்ளையும் சேர்ந்து போவார்கள். பாஞ்சாலிக்கும் வந்தது. அவள் புருஷன் கோவிந்தப்பா மேஸ்திரியிடம் செங்கல் சுமப்பவன், அழுதுகொண்டே பாடைக்கு மூங்கில் சொல்லிவிட்டு வந்தானாம். ஆனால் அவளுக்கு முப்பது முத்துக்குமேல் போடவில்லை. சின்ன வயதில் அவள் கையில் குத்தியிருந்த தழும்பு இரண்டு இருந்தது. அதைப்பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தை மாசம் பெண் குழந்தை பிறந்தது. ஒரு வடுகூட இல்லாத குழந்தை. முத்தம்மா என்று பெயர் வைத்தார்கள்.

அதிலிருந்து பாஞ்சாலிக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை. அம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போன வயிறு என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அவள் வாசலில் வந்து நின்று திருநீறு வாங்கி வயிற்றில் பூசிக்கொண்டு போவார்கள். நானும் என் இரண்டாவது பிள்ளைக்கு வாங்கிப் பூசினேன். ஆடி மாசம் எங்கள் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது முதல் கரண்டி அவள் கையால்தான். அவளுக்கு ஒருதரம் வந்துபோய்விட்டது, இனி வராது என்பதும், பெண்கள் அவளை நம்புகிறார்கள் என்பதும் கிருஷ்ணப்பா காதுக்குப் போனது. அவர்தான் அவளைக் கூப்பிட்டு வேலை வாங்கிக் கொடுத்தார்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முத்தம்மாவுக்கு இரண்டு மாசம் ஆனபோது கிருஷ்ணப்பாவே அம்மை குத்தினார். எழும்பிவிட்டதாக ரிஜிஸ்தரில் ஏறியது. ஐம்பத்து நாலில் மறுபடியும் அம்மை வந்தது. அந்தப் பெண்ணுக்கு அப்போது நாலு வயது முடிந்து சில மாசம். அதற்கும் கண்டு, ஒன்பதாம் நாள் போய்விட்டது.

கோவிந்தப்பா கொஞ்ச நாள் வீட்டில் இருந்தான். பிறகு கோலார் சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. அங்கே வேறு குடித்தனம் என்று ஒருவர் சொன்னார், மண் சரிந்து செத்தான் என்று இன்னொருவர் சொன்னார். பாஞ்சாலி எதையும் விசாரிக்கப் போகவில்லை.

அவள் வேலையை மட்டும் விடவில்லை. முன்னைப்போல் சுலபமாகவும் அது இருக்கவில்லை. வாசலில் நின்று கையை நீட்டச் சொன்னால் பெண்கள் அவள் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள்.

"உன் பொண்ணுக்கும் குத்தினதுதானே பாஞ்சாலி. எழும்பினதுதானே. அப்புறம் ஏன் போச்சு?"

அவள் குழந்தையின் சட்டைக் கையை மடித்துக்கொண்டே நிற்பாள். அம்மை குத்துவதை அங்கே டீகா என்போம்; டீகா போட்ட பிள்ளையே போச்சு என்ற பேச்சு அடுகோடியில் அப்படியே நிலைத்துவிட்டது. அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு எத்தனையோ வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

பெரியவர்களிடம் பேசாதவள், வாய் திறக்கத் தெரியாத குழந்தைகளிடம் நிறையப் பேசுவாள். அதை நான் பலதரம் கேட்டிருக்கிறேன். "நேத்து உங்க எதிர் வீட்டு மகாராணி என் புடவையெல்லாம் நனைச்சிட்டா, தெரியுமா. நீ அப்படிச் செய்யமாட்டே. நீ கௌரவமான ஆளு" என்று ஒரு மாசக் குழந்தையிடம் நியாயம் பேசுவாள். தாய் உள்ளேயிருந்து வந்தால் பேச்சு நின்றுவிடும். தீபாவளியன்றும் எட்டாம் நாள் பார்க்கப் போவாள். எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், அலைய வேண்டாம் என்பாள். போகிற வீட்டிலெல்லாம் வாசலிலேயே பலகாரம் கொடுத்து அனுப்புவார்கள். சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பொட்டலத்தை முந்தானையில் கட்டிக்கொண்டு அவள் வீட்டைத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். அத்தனையையும் தின்ன அந்த வீட்டில் ஒரே ஒரு வாய்தான் இருந்தது.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் மில்லில் வேலை. அவர் தம்பி பச்சைமுத்து விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பச்சைமுத்துவின் பெண்டாட்டி பாமா, என் ஓரகத்தி, எனக்குப் பதினைந்து வயது இளையவள். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டதால் வீட்டில் நல்லது கெட்டதை நான்தான் முடிவு செய்தேன். அறுபத்து மூன்றாம் வருஷம் பங்குனியில் பாமாவுக்கு ஏழாம் மாசம். அப்போது எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அம்மை கண்டது. அவளும் பிள்ளைத்தாய்ச்சி. அவள் வீட்டில் யாருக்கும் குத்தவிட்டதில்லை. நாலாம் நாள் ரத்தம் உடைந்து போய்விட்டாள்.

அன்றைக்கே கிருஷ்ணப்பாவும் பாஞ்சாலியும் லைன் முழுக்க வந்தார்கள். பாமாவின் கையைக் கேட்டபோது நான் தடுத்தேன்.

"வயித்துல பிள்ளை இருக்குண்ணா. அதுக்கு ஒண்ணு ஆனா?"

"சாதாரண நாளா இருந்தா நானே பேடா, வேணாம்னு சொல்லுவேன்மா" என்றார் கிருஷ்ணப்பா. அவருக்குத் தாய்மொழி கன்னடம், எங்களிடம் இரண்டையும் கலந்துதான் பேசுவார். "எதிர்வீட்ல பார்த்தீங்களே. புள்ளத்தாச்சி உடம்பு மத்த உடம்பு மாதிரி சண்டை போடாது. உள்ள இருக்கிறது புருஷனோட பாதி. அதைத் தள்ளிவிடாம வச்சுக்கணும்னு உடம்பு தன்னையே கொஞ்சம் தணிச்சு வச்சிருக்கும்னு எங்க டாக்டரம்மா சொல்றாங்க. இந்த நோய் வந்தா அந்தத் தணிஞ்ச நேரத்தில நல்லா ஏறி உட்கார்ந்துக்கும். இவளுக்குச் சின்ன வயசில குத்தின தழும்பு இருக்கு. அந்தப் பழைய காவல்காரங்க தூங்கிட்டிருக்காங்க. இப்ப குத்தினா முழிச்சுக்குவாங்க."

பச்சைமுத்து குத்தச் சொன்னான். குத்தினார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் பாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. பின்னாலேயே முத்தும் வந்தது. நான் வேப்பிலை செருகி, அம்மாவுக்கு விளக்கேற்றி வைத்தேன். பாஞ்சாலி தினமும் வேலை முடிந்து வந்து பாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் வந்து உட்கார்ந்தால் எனக்குத் தைரியம். மொத்தம் பதினோரு முத்து. அவ்வளவோடு அம்மா இறங்கிவிட்டாள். ஆனியில் ஆண் குழந்தை பிறந்தது. நஞ்சன்கூட்டுச் சுவாமிக்குப் பச்சைமுத்து வேண்டிக்கொண்டிருந்தான், அதனால் அந்தச் சுவாமி பெயரிலேயே ஸ்ரீகண்டன். அந்தக் குழந்தையின் உடம்பிலும் ஒரு வடு கிடையாது. பாஞ்சாலிக்கு நடந்தது அப்படியே எங்கள் வீட்டில் நடந்தது என்று லைன் முழுக்கப் பேச்சு.

குழந்தைக்கு இரண்டு மாசத்தில் குத்தினார்கள். எட்டாம் நாள் பாஞ்சாலி பார்த்துவிட்டு, "எழும்பல" என்றாள். நாலு மாசத்தில் குத்தினார்கள். அப்போதும் எழும்பவில்லை. ஒன்பதாம் மாசம் மூன்றாவது தரம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அதற்குள் மனதில் தீர்மானம் பண்ணிவிட்டேன். வயிற்றில் இருக்கும்போதே அம்மா பார்த்துவிட்ட பிள்ளை இது. அதனால்தான் எழும்ப மாட்டேன் என்கிறது. அவள் கண் பட்டுப் பிழைத்த உடம்பில் மறுபடி மறுபடி முள்ளைத் திருகுவது அவளைச் சந்தேகப்படுவது மாதிரி. கோயிலில் நின்று கேட்டேன், எனக்கு அப்படித்தான் பட்டது.

மாசி மாசம் ஒரு காலையில் அவர்கள் வந்தார்கள். குழாயடியில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தோம். குழந்தை என் இடுப்பில் இருந்தது. பாமா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"கொடுங்க லட்சுமம்மா, இது மூணாவது தபா" என்று பாஞ்சாலி கையை நீட்டினாள்.

"வேணாம் பாஞ்சாலி. ரெண்டு தபா பார்த்தாச்சு. அம்மா இடம் கொடுக்கல."

குடத்தை வைத்துவிட்டு வள்ளியம்மா சிரித்தாள். எங்கள் லைனில் வாய் ஓயாதவள் அவள்.

"பாலு சரியில்லையோ என்னவோ. கிருஷ்ணப்பாண்ணா, உங்களுக்கும் எங்க எருமைக்காரன்தான் ஊத்தறானா? குழாயடிக்கு வந்துட்டுத்தான் வீட்டுக்கு வருவான் அவன்."

எல்லோரும் சிரித்தோம். கிருஷ்ணப்பாவுக்கும் சிரிப்பு வந்தது.

"பாலு சரிதான் தாயி. கேளுங்க. மழை பெய்யுது, பிள்ளை அம்மா முந்தானைக்குள்ள நிக்குது. அது மேல ஒரு சொட்டு படாது. அதுக்காக அந்தப் பிள்ளைக்குன்னு ஒரு குடை வந்துடுச்சுன்னு சொல்ல முடியுமா? பாமாவுக்கு அம்மை வந்தப்ப அவ ரத்தத்தில எழும்பின காவல், தொப்புள்கொடி வழியா பிள்ளைக்கும் போச்சு. அது நாம வைக்கிற பாலையும் தொட விடாம அடிச்சிடுது. அதனாலதான் எழும்பல. மாசம் ஆக ஆக அந்த முந்தானை விலகிடும். அதுக்கப்புறம் அது நனையாம இருக்கணும்னா அதுக்கே ஒரு குடை வேணும். இப்ப குத்தினா எழும்பும்."

"நீங்க படிச்சதைச் சொல்றீங்கண்ணா" என்றேன். "நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். முத்தம்மாவும் இப்படிப் பொறந்த பொண்ணுதான். அதுக்கு நீங்க குத்தி, எழும்பவும் எழும்பிச்சு. என்ன ஆச்சு? அம்மா பார்த்துட்டுப் போன பொண்ணை மறுபடி சீண்டினதாலதான் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டா. அந்தத் தப்பை நான் இந்த வீட்ல செய்யமாட்டேன்."

சொன்ன பிறகுதான் பாஞ்சாலி முன்னால் நிற்கிறாள் என்பது எனக்கு உறைத்தது. மனதில் பத்து வருஷமாக இருந்தது வாயில் வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்தது, யாரும் எடுக்கவில்லை.

பாஞ்சாலி நீட்டின கையைக் கீழே விட்டாள்.

"எம் பொண்ணுக்கு எழும்பல" என்றாள்.

கிருஷ்ணப்பா, "என்ன சொல்றே நீ?" என்றார்.

"எழும்பலண்ணா. எட்டாம் நாள் பார்த்தேன். வெறும் கீறலா காஞ்சு கிடந்தது. உங்ககிட்ட எழும்பிடுச்சுன்னு சொன்னேன்."

"ரிஜிஸ்தர்ல…"

"நான் சொன்னதைத்தானே எழுதினீங்க."

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாஞ்சாலி எங்களைப் பார்க்கவில்லை, குழந்தையின் கையைப் பார்த்துப் பேசினாள்.

"எல்லாரும் வந்து என் வயித்தைக் கும்பிட்டாங்க. நீங்களும் வந்தீங்க லட்சுமம்மா. அம்மா பார்த்த பொண்ணு, அம்மா பார்த்த பொண்ணுன்னு நானும் சொல்லிச் சொல்லி நம்பிட்டேன். அது கையில ரெண்டாவது தபா முள்ளு படறதுக்கு எனக்கு மனசு வரல. எழும்பலன்னு சொன்னா இவர் விடமாட்டார், ஊர்ப் பிள்ளைங்களுக்கே விடாதவர். அதனால பொய் சொன்னேன். நாலு வருஷம் அது ஓடி விளையாடிச்சு. ஒவ்வொரு நாளும் நான் நினைச்சது சரின்னுதான் நினைச்சேன்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல நீ?" என்று பாமா கேட்டாள். ஈரக் கையோடு எழுந்து நின்றிருந்தாள்.

"சொன்னா அதைக் கொன்னது நான்னு ஆயிடும். சொல்லாம இருந்தா அம்மா கூட்டிக்கிட்டுப் போனதா ஆயிடும்." என் பக்கம் திரும்பினாள். "லட்சுமம்மா, அம்மா பார்த்தது என்னைத்தான். பிள்ளையை அவ பார்க்கவேயில்ல. அது அப்ப எனக்குள்ள மறைஞ்சு இருந்தது. வெளிய வந்தப்புறமும் கொஞ்ச நாள் என் மறைவிலதான் இருந்தது. மறைவு போனப்புறம்தான் அவ அதைப் பார்த்தா. உங்க பிள்ளையையும் அவ இன்னும் பார்க்கல. பார்க்கிறதுக்கு முன்னாடி கொடுங்க."

நான் எத்தனையோ கதாகாலட்சேபம் கேட்டிருக்கிறேன். அம்மாவைப் பற்றி அவ்வளவு நேராக யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் மனதிலிருந்த முடிச்சு அவிழ்ந்தது. குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கினேன்.

அப்போது கிருஷ்ணப்பா சொன்னார், யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லாமல்: "அந்த ஐம்பதாம் வருஷம் முத்தம்மாவுக்குக் குத்தின அன்னைக்குப் பெட்டியில ஐஸ் கரைஞ்சு போயிருந்தது. பாலு கெட்டுப்போச்சு, அதான் எழும்பியும் காவல் நிக்கல, நான்தான் கவனிக்காம குத்திட்டேன்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு போனப்புறம், அன்னைக்கு யார் யாருக்குக் குத்தினேனோ இருபத்திரண்டு வீட்டுக்கும் மறுபடி போய்க் குத்தினேன். பத்து வருஷமா பெட்டியைத் திறக்கிறப்பெல்லாம் முதல்ல ஐஸைத் தொட்டுப் பார்க்கிறேன்."

பாஞ்சாலி வழக்கம்போல் குழந்தையை வாங்க மடியை விரித்து உட்கார்ந்தாள். அவர் அவளைத் தாண்டிப் பார்த்து, "பாமா, நீயே மடியில வச்சுக்கோம்மா" என்றார். பாமா உட்கார்ந்தாள். பாஞ்சாலி எழுந்து ஓரமாகப் போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குத்தின எட்டாம் நாள் அவளை எதிர்பார்த்திருந்தேன். கிருஷ்ணப்பா தானே சைக்கிளில் வந்தார். சட்டையை விலக்கினார். முத்து மாதிரி நின்றது, நடுவில் குழியோடு. அவர் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் எட்டாம் நாளை அவர்தான் பார்த்தார். அவளைப் பற்றி மேலே எழுதிப் போடவில்லை, வேலையும் போகவில்லை. ஆனால் அவள் சொன்னதை ரிஜிஸ்தரில் ஏற்றுவதை நிறுத்திவிட்டார். அவளுக்குப் பெட்டி தூக்குவது மட்டும் மிச்சம்.

ஊர்ப் பெண்கள் அதைவிடப் பெரிதாகச் செய்தார்கள், அதுவும் ஒன்றும் சொல்லாமல். திருநீற்றுக்கு வருவது நின்றது. அந்த ஆடியில் முதல் கரண்டியை வேறு ஒருத்தி ஊற்றினாள். டீகா போட்ட பிள்ளையே போச்சு என்ற பேச்சு அடுகோடியில் அதோடு ஒழிந்தது. கதவைச் சாத்தினவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாங்களே வந்தார்கள். மூன்று தரம் குத்தி எழும்பாத பிள்ளையை நாலாம் தரம் கொண்டுவந்தவளும் உண்டு. அந்த நல்லது அவளால்தான் நடந்தது என்று நினைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பெற்ற பிள்ளை விஷயத்திலேயே பொய் சொன்னவள் என்றுதான் குழாயடியில் பேசினார்கள்.

ஆவணியில் கிருஷ்ணப்பா கேட்டுக்கொண்டதன்பேரில் அவளை ஆனேக்கல் தாலூகாவுக்கு மாற்றினார்கள். சந்தாபுராவில் இருப்பதாகக் கேள்வி. ஒரு சனிக்கிழமை பச்சைமுத்து அந்தப் பக்கம் போனபோது பார்த்தானாம். ஒரு வீட்டு வாசலில் யாருடைய குழந்தையையோ மடியில் வைத்துக்கொண்டு அதனிடம் பேசிக்கொண்டிருந்தாளாம். இவன் நின்று பார்த்துவிட்டு, கூப்பிடாமல் பஸ்ஸுக்கு வந்துவிட்டான். ஏன்டா கூப்பிடவில்லை என்று கேட்டேன். "அங்க அவங்களை யாருக்கும் தெரியாது அண்ணி. தெரிஞ்சவன் ஒருத்தன் போய் நிக்கணுமா?" என்றான்.

இத்தோடு நிறுத்தினால் பாதி பொய்யாகிவிடும். ஒன்று பாக்கி இருக்கிறது.

அந்த எட்டாம் நாள் கிருஷ்ணப்பா பார்த்துவிட்டுப் போன பிறகு, மத்தியானம் பாஞ்சாலி வந்தாள். பெட்டி இல்லை, வேலையாக வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

"எழும்பிச்சா?"

"எழும்பிடுச்சு பாஞ்சாலி. முத்தா நிக்குது" என்றேன்.

தலையை ஆட்டினாள். போகவில்லை. "ஒரு தபா தூக்கிட்டுக் கொடுக்கட்டுமா பாமா?" என்று கேட்டாள்.

அத்தனை வருஷமாக எங்கள் லைனில் எந்தக் குழந்தையையும் அவள் கேட்டு வாங்கினதில்லை. கையை நீட்டுவாள், நாங்கள் கொடுப்போம். இப்போது கேட்டாள். பாமா குழந்தையை மார்போடு வைத்திருந்தாள். பாஞ்சாலி முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். சின்னப் பெண், அவள் பயந்தது எனக்குப் புரிந்தது.

குழந்தை என் கையில் இருந்தது. எனக்கும் பாஞ்சாலிக்கும் நடுவில் நிலைப்படி ஒன்றுதான். அவள் கையை நீட்டவில்லை, காத்திருந்தாள். அவள் சொன்ன ஒரு வார்த்தையால் காவல் வந்த குழந்தை அது. அதைச் சொல்ல அவள் என்னவெல்லாம் இழந்தாள் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே, "கை நோகுது போல, காலையிலிருந்து சிணுங்குது. இன்னொரு நாள் வா பாஞ்சாலி" என்று சொன்னேன்.

குழந்தை சிணுங்கவில்லை, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆமாம், நோகும். ரெண்டு நாளைக்கு அந்தக் கையைப் பிடிச்சுத் தூக்காதீங்க" என்றாள். பிறகு அடுத்த லைன் பக்கம் நடந்து போனாள்.